ரைட்டிங்கில் மறுபடியும் 6: ‘இன்க்ரீஸ்’, ‘டிக்ரீஸ்’ தாண்டி என்ன எழுதுவது?

நைட்_டியூட்டி_நர்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், ஆறு வருட சர்வீஸ். இங்கிலாந்து போவதற்காக ஐயெல்ட்ஸ் அகடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற மூன்றிலும் 7, 7.5 என்று வந்துவிட்டது, ரைட்டிங் மட்டும் இரண்டாவது தடவையாக 6. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ரைட்டிங்கில் 6.5 இருந்தால் போதும். அந்த அரை பேண்டுக்காகத்தான் இவ்வளவு பாடு.

நான் போகும் கோச்சிங்கில் (பெயர் வேண்டாம்) பன்னிரண்டு பக்க ஜெராக்ஸ் ஒன்று கொடுத்தார்கள், முந்நூறு வார்த்தைக்கு மேல் இருக்கும். ராத்திரி டியூட்டியில் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை வார்டு அமைதியாக இருக்கும் நாளில் எல்லாம் அதைத்தான் மனப்பாடம் செய்தேன். ப்ளெதோரா (ஏராளம்), மிரியட் (எண்ணற்ற), எக்ஸாசர்பேட், ப்ளம்மெட், ஸ்கைராக்கெட். அர்த்தம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் மாதிரித் தேர்வு ஒன்றில் மூன்று நாடுகளில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் பற்றி கிராஃப் வந்தது, நான் ‘சைக்ளிஸ்ட்ஸ் ப்ளம்மெட்டட் ட்ராமாட்டிக்கலி’ என்று எழுதினேன். சார் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு ‘வேர்ட் சாய்ஸ்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன தப்பு என்று கேட்டதற்கு லிஸ்டை இன்னும் நன்றாகப் படியுங்கள் என்றார்.

என் கேள்வி இரண்டுதான். கிராஃபில் ஏற்ற இறக்கத்தைச் சொல்ல நிஜமாகவே எத்தனை வார்த்தை வேண்டும்? இரண்டாவது, சுற்றுச்சூழல், வறுமை, தண்ணீர்ப் பஞ்சம் மாதிரி உலகப் பிரச்சினை பற்றிக் கட்டுரை கேட்டால் நான் எழுதுவது எட்டாம் வகுப்புக் கட்டுரை மாதிரியே இருக்கிறது. ‘இன் திஸ் கன்டெம்பரரி எரா’ என்று ஆரம்பித்தால் அதற்கப்புறம் எனக்கே என்ன சொல்ல வருகிறேன் என்று தெரியவில்லை. லிஸ்டைத் தூக்கிப் போடட்டுமா, இல்லை இன்னும் ஒரு மாதம் படிக்கட்டுமா?

காட்பாடி_லோக்கல்:

சிஸ்டர், மூன்று நாட்டு சைக்கிள்காரர்களும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழுந்த காட்சியை நினைத்து நன்றாகச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் இதே ஐயெல்ட்ஸ் பாடம் எடுத்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். ப்ளம்மெட் என்றால் உயரத்திலிருந்து செங்குத்தாக விழுவது. எண்ணிக்கை விழலாம், விலை விழலாம். ஆள் விழுந்தால் ஆர்த்தோ வார்டுதான், உங்களுக்கே தெரியும். ‘தி நம்பர் ஆஃப் சைக்ளிஸ்ட்ஸ்’ என்று தொடங்கியிருந்தால் பாதித் தப்பு போயிருக்கும். மீதிப் பாதி ‘ட்ராமாட்டிக்கலி’. ப்ளம்மெட்டுக்கு உள்ளேயே அந்த வேகம் இருக்கிறது, தலைகுப்புற விழுந்தான் என்று சொன்ன பிறகு பயங்கரமாக விழுந்தான் என்று யாரும் சேர்ப்பதில்லை.

முதலில் மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். நான்கு அளவுகோல், நான்குக்கும் சம பங்கு: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கோர்வை, சொல்வளம், இலக்கணம். சொல்வளம் கால் பங்குதான். அதிலும் 6-க்கும் 7-க்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அபூர்வமான வார்த்தையை முயற்சி செய்கிறார், ஆனால் தப்பு வருகிறது என்றால் 6. அதே வார்த்தை எந்த வார்த்தையோடு சேரும் என்ற உணர்வு ஓரளவு தெரிகிறது என்றால் 7. பார்த்தீர்களா, உங்கள் ஜெராக்ஸ் உங்களைச் சரியாக 6-இல் உட்கார வைக்கத்தான் உதவியிருக்கிறது.

ஏற்ற இறக்கத்துக்கு ஒரு இருபது வினைச்சொல் தாராளம். ஆனால் அவற்றுக்குள் அளவு வித்தியாசம் தெரியணும். கொஞ்சம் ஏறினால் எட்ஜ் அப், சாதாரணமாக ஏறினால் ரைஸ் அல்லது க்ளைம்ப், எகிறினால் சோர் அல்லது சர்ஜ். இறங்குவதும் அப்படியே, டிப், அப்புறம் ஃபால், டிக்ளைன், கடைசியில்தான் ப்ளஞ்ச், ப்ளம்மெட். 48-லிருந்து 45 ஆனதற்கு ப்ளம்மெட் போட்டால் அது வார்த்தைத் தப்பு மட்டுமில்லை, கிராஃபையே தப்பாகப் படித்ததாக ஆகிவிடும். இன்னொன்று, ‘லெவல் ஆஃப்’ என்பது ஏறியோ இறங்கியோ வந்த கோடு அதற்கப்புறம் சமமாவது. முதல் வருடத்திலிருந்தே கோடு படுத்தே கிடந்தால் ‘ரிமெய்ன்ட் ஸ்டேபிள்’ தான். இதை முக்கால்வாசிப் பேர் தப்பாக எழுதுவார்கள். எக்ஸ்பொனென்ஷியல் என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள், அது வேகமாக ஏறுவதற்கான பெயர் இல்லை, ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கிக்கொண்டே போவது. 2, 4, 8, 16 என்று போனால்தான் அது.

அப்புறம் பெரிய வார்த்தையைவிட இந்தச் சின்ன வார்த்தைகள்தான் மார்க்கைத் தின்னும்: டு, பை, ஆஃப், அட். தமிழில் ‘30 ரூபாய்க்கு ஏறியது’ என்பதும் ‘30 ரூபாய் ஏறியது’ என்பதும் ஒன்றா? இல்லையே. முதலாவது ‘ரோஸ் டு 30’, இரண்டாவது ‘ரோஸ் பை 30’. பெயர்ச்சொல்லாக மாற்றினால் ‘எ ரைஸ் ஆஃப் 30’. உச்சத்துக்கு ‘பீக்ட் அட் 30’. சதவீதத்திலும் ஒரு குழி இருக்கிறது. 20 சதவீதம் 30 சதவீதம் ஆனால் 10 சதவீதம் கூடியது என்று எழுதக்கூடாது, கூடியது 10 பர்சன்டேஜ் பாயின்ட். சதவீதமாகச் சொன்னால் 50 சதவீத ஏற்றம்.

கடைசியாக, முதல் டாஸ்கில், அதாவது கிராஃப் கேள்வியில், காரணம் எழுதாதீர்கள். அரசாங்கம் ரோடு போட்டதால் சைக்கிள் குறைந்தது என்று கிராஃபில் இல்லாததை எழுத யாரும் கேட்கவில்லை. மொத்தத்தில் என்ன நடந்தது என்று இரண்டு வரி பொதுப் பார்வை கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் கோடு கோடாக எண்களை ஒப்பித்தால் 7 வராது. 150 வார்த்தை, 20 நிமிடம், அத்தோடு விட்டுவிட்டு இரண்டாவதான கட்டுரைக்குப் போய்விடுங்கள், ஏனென்றால் இரண்டாவதுக்கு எடை இரண்டு மடங்கு.

மண்டித்தெரு:

நான் எந்தப் பரீட்சையும் எழுதினவன் இல்லை, எங்கள் வீட்டில் காய்கறி மண்டி. தங்கச்சி இதே பரீட்சைக்குப் படித்தபோது ராத்திரி கணக்கு எழுதிக்கொண்டே அவளுக்கு வாத்தியார் வேலை பார்த்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மேலே காட்பாடி அண்ணன் சொன்ன அளவு வித்தியாசம் எல்லாம் நமக்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. மண்டியில் யாரும் வெறுமனே விலை ஏறிச்சு, இறங்கிச்சு என்று சொல்ல மாட்டார்கள். ‘கொஞ்சம் கூட இருக்கு’ என்றால் ஒரு அர்த்தம், ‘எகிறிப்போச்சு’ என்றால் வேறு அர்த்தம். ‘சரிஞ்சிடுச்சு’ வேறு, ‘கேட்பாரில்லை’ வேறு. ‘நிக்குது’ என்றால் ஸ்டேபிள். ‘ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லை’ என்றால் அது ஃப்ளக்சுவேட். ‘தேறிடுச்சு’ என்றால் ரிகவர். தங்கச்சிக்கு நான் செய்தது இவ்வளவுதான், இங்கிலீஷ் வார்த்தைக்கு இங்கிலீஷ் அர்த்தம் படிக்காதே, மண்டி வார்த்தை எது என்று பக்கத்தில் எழுது என்றேன். அப்புறம் 48-லிருந்து 45 ஆனதை அவள் ஒருநாளும் ‘கேட்பாரில்லை’ என்று எழுதவில்லை.

2023 ஜூலை ஞாபகம் இருக்கா? மதனப்பள்ளி, வி.கோட்டா, கோலார் பக்கமிருந்து தக்காளி வரத்து சுருங்கி, கிலோ நூறைத் தாண்டி எகிறி, அரசாங்கம் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குப் போட ஆரம்பித்தது. செப்டம்பர் வந்ததும் அதே தக்காளியை விவசாயிகள் ரோட்டில் கொட்டினார்கள். ஒரே கோட்டில் சர்ஜ், பீக், ப்ளஞ்ச் மூன்றும் இருக்கு. தங்கச்சியை அதைத்தான் கிராஃப் போட்டு எழுதச் சொன்னேன். நம்ம இலவம்பாடி முள்ளுக்கத்தரி விலையைப் போடச் சொல்லவில்லை, புவிசார் குறியீடு வாங்கினதிலிருந்து அதற்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஏழரை_பேண்ட்:

எல்லாரும் மனப்பாடத்தை இப்படித் திட்டுகிறீர்கள். நான் லிஸ்ட் படித்துத்தான் ரைட்டிங்கில் 7.5 வாங்கினேன், பெயரைப் பார்த்து யாரும் சனியை நினைக்க வேண்டாம். வார்த்தையே தெரியாமல் எங்கிருந்து சேர்க்கை தெரியும்? முதலில் கையில் சரக்கு வேண்டும். சிஸ்டர், லிஸ்டைத் தூக்கிப் போடாதீர்கள், இன்னும் ஒரு மாதம் படியுங்கள்.

ஆம்பூர்_கணக்கு:

ஏழரைத் தம்பி, சரக்கு வேண்டும் என்பது சரிதான், ஆனால் சரக்கைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பினால் திரும்பி வரும். நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன், மாதாமாதம் வெளிநாட்டு பையருக்கு உற்பத்தி ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதம் உற்பத்தி 8 சதவீதம் குறைந்தது, ரம்ஜான் லீவு, வேறொன்றுமில்லை. நான் எங்கேயோ படித்த ஞாபகத்தில் ‘ப்ரொடக்‌ஷன் ப்ளம்மெட்டட்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கம் ஆர்டரை வேறு எங்காவது மாற்றலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் பதறி முதலாளிக்கு போன் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒன்றும் திட்டவில்லை, ஃபேக்டரி இன்னும் இருக்கா என்று ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லு என்றார். அன்றிலிருந்து எனக்கு ‘ஃபெல் பை 8 பர்சன்ட்’ தான்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது தவறாமல் வரும். அஃப்ளுவன்ட் என்றால் பணக்கார, வசதியான. எஃப்ளுவன்ட் என்றால் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர். ‘அஃப்ளுவன்ட் ட்ரீட்மென்ட் ப்ளான்ட்’ என்று நானே கடிதத்தில் பார்த்திருக்கிறேன். பணக்காரர்களைச் சுத்திகரிக்கும் நிலையம்! அப்படி ஒன்று இருந்தால் நல்லதுதான், ஆனால் வாணியம்பாடியில் இருப்பது அது இல்லை.

பழைய_வடஆற்காடு:

இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை என்பதால் நான் வருகிறேன். வக்கீல் தொழிலில் முப்பது வருடம் ஆகிறது, நான் தொழிலுக்கு வந்தபோது இது வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது.

உலகப் பிரச்சினை பற்றிய ஆங்கிலச் சொற்களைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை அம்மா, இன்றைக்கு உலகமே பேசும் சில சொற்கள் இந்திய நீதிமன்றத்துக்குள் நிலைபெற்றதே நம்ம பாலாற்றினால்தான். 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது, வழக்கின் பெயரே வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் சுத்திகரிக்காத கழிவுநீர் பாலாற்றிலும் விளைநிலத்திலும் கலக்கிறது என்பதுதான் வழக்கு. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்று தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் மாசு அபராதமும் போட்டார்கள். தொகை சின்னதுதான், சொற்கள் பெரியவை.

அதில் வரும் சொற்களைக் கவனியுங்கள். முதலாவது சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட். தொழில் வேண்டாம் என்று சொல்வதில்லை, வரும் தலைமுறையின் பங்கைத் தின்று இன்றைக்கு வளராதே என்பது. 1987-இல் ஐ.நா. ஆணையத்தின் ப்ருன்ட்லான்ட் அறிக்கை பரப்பிய கருத்து அது, 1992-இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. இரண்டாவது ப்ரிகாஷனரி பிரின்சிபிள். தீங்கு வரும் என்பதற்கு முழு அறிவியல் நிரூபணம் இன்னும் கையில் இல்லை என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடாதே என்பது. நிரூபிக்கும் பொறுப்பும் ஆலைக்காரர் மேல்தான், ஊர்க்காரர் மேல் இல்லை. மூன்றாவது போல்யூட்டர் பேஸ், அசுத்தம் செய்தவனே கொடுக்க வேண்டும், அதுவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு மட்டுமல்ல, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்டெடுக்கும் செலவும் சேர்த்து.

தேர்வில் ‘தொழிற்சாலை மாசுக்கு யார் பொறுப்பு’ என்கிற மாதிரி கேட்டால், ‘இன் திஸ் கன்டெம்பரரி எரா’ எதற்கு? நேராக ஆற்றங்கரையிலிருந்து ஆரம்பிக்கலாமே. சொல்ல விஷயம் இருக்கிறவனுக்கு அன்ட்ரீட்டட், டிஸ்சார்ஜ், டிகிரேட், ரெஸ்டோர், லையபிலிட்டி, காம்பன்ஸேட் எல்லாம் தானாகத் தேவைப்படும். விஷயம் இல்லாதவனுக்குத்தான் ப்ளெதோரா தேவைப்படும்.

ஏழரை_பேண்ட்:

ஐயா, ப்ளெதோரா மேல் அப்படி என்ன கோபம்.

பழைய_வடஆற்காடு:

ஜூனியராக இருந்தபோது நானும் மனுவில் எழுதியவன்தான். அதனால்தான்.

ஐசியூ_அக்கா:

லீட்ஸிலிருந்து எழுதுகிறேன், நானும் வேலூரில் படித்து அங்கேயே எட்டு வருடம் ஐசியூவில் இருந்தவள். மேலே எல்லோரும் நல்லதுதான் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை, இந்தப் பொண்ணு ராத்திரி முழுக்க கிராஃபைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

தங்கச்சி, ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் நீ என்ன சொல்வாய்? ‘ராத்திரி இரண்டு மணிக்கு ஃபீவர் ஸ்பைக் ஆச்சு’, ‘சாச்சுரேஷன் ட்ராப் ஆச்சு, ஆக்சிஜன் வைத்ததும் ரிகவர் ஆச்சு’, ‘பிபி ஃப்ளக்சுவேட் ஆகுது’, ‘கிரியாட்டினின் ஸ்டெடியா ஏறுது’, ‘யூரின் அவுட்புட் டிக்ளைன்’, ‘இப்போ ஸ்டேபிள், பேஸ்லைனுக்கு வந்துட்டார்’. இதெல்லாம் யார் லிஸ்ட்? ஒன்றையாவது நீ மனப்பாடம் செய்தாயா? பிபி 130-லிருந்து 124 ஆனால் டாக்டருக்கு போன் போட்டு ப்ளம்மெட் ஆகிவிட்டது என்று சொல்வாயா? மாட்டாய். அங்கே அளவு தெரியும், ஏனென்றால் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். பரீட்சை ஹாலில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

உலகப் பிரச்சினை வார்த்தைகளும் பாதி நம்ம வார்டு வார்த்தைகள். எக்ஸாசர்பேட் லிஸ்டில் படித்தேன் என்கிறாய், ஆஸ்துமா எக்ஸாசர்பேஷன் என்று எத்தனை கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பாய்? இருக்கிற நோய் இன்னும் மோசமாவது. அதனால் ‘வறட்சி வறுமையை எக்ஸாசர்பேட் செய்கிறது’ சரி, வறுமை அங்கே ஏற்கெனவே இருக்கணும். புதிதாக உண்டாக்குவதற்கு அது பொருந்தாது. அக்யூட், க்ரானிக் வித்தியாசம் உனக்குச் சொல்லித் தரணுமா? ஒரு கோடையில் திடீரென்று குழாய் வறண்டால் அக்யூட் ஷார்ட்டேஜ், இருபது வருடமாக டேங்கர் லாரிக்குக் குடம் வரிசை வைத்தால் க்ரானிக். அலீவியேட் என்றால் வலியைத் தணிப்பது, நோய் அப்படியே இருக்கும். இலவச அரிசி வறுமையை அலீவியேட் செய்யும், க்யூர் செய்யாது. எராடிகேட் என்றால் உலகத்திலேயே இல்லாமல் ஒழிப்பது. மனிதர்களைத் தாக்கும் நோய்களில் அந்தப் பெயரை வாங்கியது பெரியம்மை ஒன்றுதான், 1980-இல். போலியோவில் 2014-இல் நமக்குச் சான்றிதழ் கொடுத்தபோதுகூட அது நம்ம தென்கிழக்கு ஆசியப் பகுதியில் எலிமினேட் ஆனது என்ற கணக்குதான், எராடிகேட் இல்லை. அதனால் ‘கவர்ன்மென்ட் ஷுட் எராடிகேட் டிராஃபிக்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. டிராஃபிக்குக்கு ஈஸ் அல்லது ரெட்யூஸ், புகைக்கு கர்ப், பருவநிலை மாற்றத்துக்கு மிட்டிகேட், அதாவது அதன் கடுமையைக் குறைப்பது. அப்படியில்லாமல், வருவதைத் தாங்கிக்கொள்ள நம்மை மாற்றிக்கொள்கிறோம் என்றால் அடாப்ட். இந்த இரண்டையும் குழப்பாமல் எழுதினாலே உனக்கு விஷயம் தெரியும் என்று திருத்துகிறவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று கேட்கிறேன், நீ ஏன் ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதவில்லை? அதில் கிராஃபும் இல்லை, உலகப் பிரச்சினையும் இல்லை. கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள், 45 நிமிடத்தில் ஒரு ரெஃபரல் லெட்டர், அவ்வளவுதான். நான் அதில்தான் போனேன்.

நைட்_டியூட்டி_நர்ஸ்:

அக்கா, படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். ஓஇடி ஃபீஸ் இதைவிட அதிகம், அதோடு அடுத்த மாத ஐயெல்ட்ஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாச்சு, வீட்டுக்காரரிடம் இப்போது போய் வேறு பரீட்சை என்று சொன்னால் அவர் முகம் ப்ளஞ்ச் ஆகிவிடும். இந்தத் தடவை பார்த்துவிட்டு யோசிக்கிறேன்.

வக்கீல் ஐயா சொன்ன மாதிரி ஆற்றங்கரையிலிருந்து ஆரம்பித்து இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். யாராவது திருத்துங்கள்:

‘ஃபார் டிகேட்ஸ், அன்ட்ரீட்டட் எஃப்ளுவன்ட் ஃப்ரம் டேனரீஸ் ஹாஸ் ட்ராஸ்டிக்கலி டிகிரேடட் ஃபார்ம்லேண்ட் அலாங் தி பாலார் ரிவர். இட் இஸ் தி போல்யூட்டர்ஸ் ஹூ ஷுட் கிவ் தி காஸ்ட் ஆஃப் ரெஸ்டோரிங் இட்.’

காட்பாடி_லோக்கல்:

முதல் போஸ்டில் சைக்கிள்காரரைத் தள்ளிவிட்டவரா இது! இரண்டே இரண்டு இடம். ‘ட்ராஸ்டிக்கலி’யை எடுத்துவிடுங்கள், டிகிரேட் என்பதே போதுமான வன்மையான வார்த்தை, 35,000 ஹெக்டேர் என்ற எண்ணைப் போட முடிந்தால் அது எந்த ‘ட்ராஸ்டிக்கலி’யையும்விடப் பேசும். அடுத்து, செலவை ‘கிவ்’ செய்ய மாட்டார்கள், ‘பேர் தி காஸ்ட்’. நாமும் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்றுதானே சொல்கிறோம், செலவைக் கொடுக்கிறேன் என்பதில்லையே. சேர்க்கை என்று நான் மேலே சொன்னது இதைத்தான். எஃப்ளுவன்ட் ஸ்பெல்லிங் சரியாக இருப்பதற்கு ஆம்பூர்க்காரருக்கு ஒரு பிரியாணி வாங்கித் தரலாம்.

ஆம்பூர்_கணக்கு:

ஆம்பூர்க்காரனுக்கு வேலூர் ஆள் பிரியாணி வாங்கித் தருவதா. நீங்கள் வாருங்கள், நான் வாங்கித் தருகிறேன்.

மண்டித்தெரு:

பாலாறு பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஊருக்குள் சொல்வார்களே, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டார், ஆறு மட்டும் அப்படியே இருக்கு. அந்தத் தண்ணீரை கிராஃப் போட்டால் தரையோடு தரையாக ஒரு கோடு, 2021 நவம்பர் மழையில் மட்டும் கரை கொள்ளாமல் ஒரு கூம்பு. கொஞ்சம் மிகைதான், இருந்தாலும் இதை எப்படி எழுதுவீர்கள்? தங்கச்சி ‘ஃப்ளக்சுவேட்டட்’ என்று எழுதினாள், எனக்கு அது ஒட்டவில்லை.

காட்பாடி_லோக்கல்:

உங்கள் காது சரி. ஃப்ளக்சுவேட் என்றால் திரும்பத் திரும்ப ஏறி இறங்கணும். ஒரே ஒரு கூம்புக்கு அது பொருந்தாது. ‘ரிமெய்ன்ட் நெக்ளிஜிபிள்’, அப்புறம் ‘அபார்ட் ஃப்ரம் எ ப்ரீஃப் ஸ்பைக் இன் நவம்பர் 2021’. ஸ்பைக் என்றால் ஊசி மாதிரி ஏறி ஊசி மாதிரி இறங்குவது, ஐசியூ அக்கா சொன்ன அதே ஃபீவர் ஸ்பைக்.

நைட்_டியூட்டி_நர்ஸ்:

நேற்று ராத்திரி பழைய ஹேண்டோவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ‘டெம்பரேச்சர் பீக்ட் அட் 102.4 அட் 2 ஏஎம், கேம் டவுன் க்ராஜுவலி, ஸ்டேபிள் சின்ஸ் 5’ என்று இருக்கிறது. நானே எழுதியது, போன வருடம். ‘கேம் டவுன்’ என்பதைப் பரீட்சையில் ‘ஃபெல்’ என்று மாற்றணுமா?

ஐசியூ_அக்கா:

பரீட்சையில் ஃபெல். நோட்டில் அப்படியே இருக்கட்டும், காலையில் வருகிறவளுக்குப் புரிகிறது அல்லவா.

மண்டித்தெரு:

இன்று தக்காளி 28. நிக்குது.